பிள்ளையின் குரல் கரகரத்தால் "கத்தினதால்தான்" என்று விட்டுவிடாதீர்கள்

பெற்றோர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு விடயம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் ஆரம்பப் பிரிவில் ஒரு மகனுக்குக் குரல் எப்போதும் கரகரப்பு. வாசிக்கச் சொன்னால் காற்றுத்தான் வரும். "சத்தமா சொல்லுங்க மகன்" என்று நாங்களும் விரட்டினோம். விளையாட்டில் கத்தியதால் வந்தது என்று நாங்களே முடிவு கட்டினோம். வீட்டில் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். மூச்சு இழுத்தபோது வீசிங் என்று மருந்து எடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துத்தான் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் கமெரா விட்டுப் பார்த்தார். குரல்வளையில் பாலுண்ணி மாதிரிக் கட்டிகள்.

பிள்ளைகளின் தொண்டையில் வருவதெல்லாம் ஒன்றல்ல. அதிகம் காண்பது, கத்திக் கத்திக் குரல் நாண்களில் வரும் சின்ன முடிச்சு. குரலைச் சரியாகப் பாவிக்கப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையே அதற்குப் பெரும்பாலும் போதும். அந்த மகனுக்கு வந்தது பெப்பிலோமா. அரிதானது, புற்றுநோயும் அல்ல. ஆனால் வளர்ந்தால் மூச்சுப் பாதையை அடைக்கும். மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாக அகற்றுவார்கள். வைரஸ் உள்ளே தங்கிவிடுவதால் திரும்ப வளரும். திரும்பத் திரும்ப சத்திர சிகிச்சை. பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பார்க்காமல் நாமே முடிவு கட்டுவதுதான் தவறு.

இதற்குக் காரணம் எச்.பி.வி. வைரஸின் 6ஆம், 11ஆம் வகைகள். பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருகிறது. உம்மாமாரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மிகச் சாதாரணமாகப் பரவும் வைரஸ் இது, இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆனால் தடுக்க வழியுண்டு. 2017 முதல் நமது நாட்டுப் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தடவை இலவசமாகப் போடப்படுகிறது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கத்தான் அது வந்தது. இந்த இரு வகைகளையும் தடுக்கும் ஊசியை மாணவிகளுக்குப் போட்டு வந்த அவுஸ்திரேலியாவில், 2012இல் பிள்ளைகளிடம் புதிதாக 7 பேருக்குக் கண்டறியப்பட்ட இந்நோய் 2016இல் ஒருவருக்கே கண்டறியப்பட்டது.

இதெல்லாம் இருந்தும், சம்மதக் கடிதம் அனுப்பினால் கையெழுத்தில்லாமல் திரும்பி வருகிறது. "பிள்ளை பிறக்காதாம்" என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்புகிறோம். அது பொய். சந்தேகம் இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் நேரில் கேளுங்கள். பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது மூன்றுதான். கரகரப்பு ஒரு மாதம் தாண்டினால் தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள். மூச்செடுக்கும்போது சத்தம் வந்தால், நெஞ்சு உள்வாங்கினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். தரம் 6இல் மகள் இருந்தால் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.

அந்த மகன் இப்போது முன் வரிசையில் இருக்கிறார். சத்தமாகச் சொல்லும்படி நாங்கள் கேட்பதில்லை. கிட்டப் போய்க் கேட்கிறோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.