மோட்டார் இருக்கையும் பருத்த உடலும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் மோட்டார் சைக்கிளின் இருக்கையைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வியக்கலாம். காலை ஏழு மணிக்கு ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளியின் வாயிலில் நின்று பாருங்கள். மகிழுந்துகளின் இடுக்கில் கப்சாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கும். பிள்ளையின் முதுகில் புத்தகப்பை இருக்கும். அந்த அப்பா என்னைப் போல் பருத்த உடலினராக இருந்தால், பிள்ளை எதன்மீது அமர்ந்திருக்கிறது என்பதைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். பெரும்பாலும் இருக்கையின் கடைசி நான்கு விரல் அகலத்தில்தான் அமர்ந்திருக்கும்.

என் எடை 118 கிலோ. இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சுங்கை பட்டாணிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு அரை மணி நேரப் பயணம். பல ஆண்டுகளாக இடுப்பு வலியைப் பொறுத்துக்கொண்டேன். வலி என்னுடையது, அதனால் பொறுக்க முடிந்தது. ஒருநாள் காலை வேகத்தடை ஒன்றில் வண்டி ஏறி இறங்கியபோது, பின்னால் அமர்ந்திருந்த என் மகள் "அப்பா!" என்று கத்தி என் சட்டையைப் பற்றி இழுத்தாள். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். அவளுடைய புத்தகப்பை இருக்கையைத் தாண்டிப் பின்விளக்கின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. பையின் பாரம் அவளைப் பின்னோக்கி இழுத்திருக்கிறது. அவள் அமர இடமில்லாமல் செய்தவன் நான்தான்.

அன்று பள்ளியில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "உடம்பைக் குறையுங்கள் சார், இருக்கை தானாகவே பெரிதாகிவிடும்" என்றார். எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் அந்த அறிவுரையில் ஒரு பிழை உண்டு. எடையைக் குறைப்பது மருத்துவரோடு பேசி, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டிய காரியம். மகளை நாளைக் காலை ஏழு மணிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இருக்கையைத் திருத்த ஒரு பிற்பகல் போதும். முதலாவது முடியும்வரை இரண்டாவது காத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். பாதிக்கு மேற்பட்டோரின் உடலை விதிவிலக்கு என்று எண்ணி விலக்க இயலாது.

நான் செய்த தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறருக்குப் பணம் மிஞ்சும். முதலில், இருக்கையின்மேல் கட்டும் ஜெல் மெத்தை ஒன்றை வாங்கினேன். நம் நாட்டு வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியில், அது தோசைக்கல்லாகிவிட்டது. வளைவுகளில் வழுக்கியது. உயரமும் கூடியதால், சாலை விளக்கில் நிற்கும்போது கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது. பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு விரல் நுனியில் நிற்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. மூன்று வாரத்தில் கழற்றி வைத்தேன்.

அடுத்து ஒரு குஷன் கடையில், "நன்றாக மிருதுவாகப் போடுங்கள்" என்று கேட்டு வாங்கினேன். ஒரு வாரம் சொர்க்கம்! பிறகு பழைய வலி இரட்டிப்பாகத் திரும்பியது. காரணம் எளிது. நாம் அமரும்போது உடலின் பாரம் பெரும்பகுதி இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. மிருதுவான ஸ்பாஞ்ச் கனத்த உடலின் கீழ் முழுவதும் நசுங்கிவிடும். நசுங்கிய பிறகு அந்த எலும்புகளுக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் எதுவும் இருப்பதில்லை. ஒல்லியானவருக்கு இதம் தரும் அதே ஸ்பாஞ்ச், பருத்தவருக்கு வெறும் பலகையாகிறது. கடையில் இரண்டு நிமிடம் அமர்ந்து பார்த்தால் மிருதுவானதே வெல்லும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் கெட்டியானதே வெல்லும். எனவே கடையில் அமர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவதாகச் சென்றது ஒரு சீனப் பெரியவரின் சிறிய கடை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சிக்கு, பெராத் பெராப்பா?" என்று கேட்டார். என் எடையை ஒருவர் கேலிக்காகவோ கவலைக்காகவோ அன்றி, அளவுக்காகக் கேட்டது அதுவே முதன்முறை. பிறகு என்னை வண்டியில் அமரச் சொல்லி, இருபுறமும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். தையற்காரர் அளவெடுப்பது போலத்தான் இருந்தது.

அவர் கண்டுபிடித்தது இது. கப்சாய் இருக்கையின் முன்பகுதி குறுகலானது. கால் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அப்படி அமைக்கிறார்கள். அந்தக் குறுகல் என் தொடைகளை உறுத்தியதால், நானே அறியாமல் அகலமான பின்பகுதிக்கு நகர்ந்து அமர்ந்திருக்கிறேன். அது என் மகளின் இடம்! ஆகவே அவர் ஓட்டுநர் அமரும் பகுதியை இருபுறமும் இரண்டு விரல் அகலம் கூட்டினார். ஆனால் கால் கீழே இறங்கும் முன்விளிம்பைச் சரிவாகச் சீவிவிட்டார். துண்டு ஸ்பாஞ்சுகளை ஒட்டி அழுத்திச் செய்த, பல வண்ணத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் கெட்டி ஸ்பாஞ்சை அடியில் வைத்தார். அதற்கு மேல் ஒரு விரல் கனத்தில் சற்று மிருதுவானதைப் பரப்பினார். அமரும் இடத்தின் குறுக்கே தையல் வரக்கூடாது என்றார். தையல் உடலை உறுத்தும். மழைநீரும் அதன் வழியே ஸ்பாஞ்சுக்குள் இறங்கும். மழை பெய்த மறுநாள் உலர்ந்த இருக்கையில் அமர்ந்தும் காற்சட்டை நனைந்த அனுபவம் நம்மில் எவருக்கு இல்லை?

கூலி 90 ரிங்கிட். இப்போது நான் முன்னைவிட நான்கு அங்குலம் முன்னே அமர்கிறேன். அந்த நான்கு அங்குலமும் என் மகளுக்குக் கிடைத்தது. வலி முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பினாங்கு வரை போனால் வழியில் ஒருமுறை இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது.

இருக்கை மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்சக்கரத்து அப்சோபரின் சுருள்வில்லை இறுக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு. கனத்த உடலினர் பட்டறையில் சொல்லி ஓரிரு படி இறுக்கிக்கொண்டால் வண்டி பின்னால் அமுங்காது. பயனர் கையேட்டில், வண்டி தாங்கக்கூடிய அதிகபட்சப் பாரமும் இருவர் ஏறும்போது டயரில் இருக்க வேண்டிய காற்றழுத்தமும் குறிக்கப்பட்டிருக்கும். அப்பா, பிள்ளை, புத்தகப்பை மூன்றையும் கூட்டிப் பாருங்கள். நான் கூட்டிப் பார்த்துவிட்டு, பையை என் முன்னால் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன்.

புதிய வண்டி வாங்குவோர் வண்ணத்தையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன் இருக்கையைப் பார்க்கலாம். இன்றைய இளைஞர்கள் விரும்பும் பந்தய வடிவ வண்டிகளில், ஓட்டுநர் இருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே ஒரு படி உண்டு. பருத்தவர் அதில் ஒரே இடத்தில் சிறைப்பட்டுவிடுவார். பழைய பாணித் தட்டையான நீள இருக்கையோ, நகர்ந்து அமர இடம் தரும், திருத்துவதும் எளிது. அழகு குறைவுதான், என் மகனுக்கு அது பிடிக்கவேயில்லை.

இந்த அனுபவத்திற்குப் பிறகு, வகுப்பறை நாற்காலிகளையும் நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஐந்தாம் ஆண்டில் பருத்த மாணவன் ஒருவன் இருக்கிறான். நாற்காலியில் நேராக அமரவில்லை என்று அவனைப் பலமுறை கடிந்திருக்கிறேன். ஒருநாள் அவன் எழுந்தபோது, நாற்காலியும் உடன் எழுந்தது. வகுப்பே சிரித்தது. அவன் தலை குனிந்தான். அன்று ஆசிரியர் அறையில் நான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. பொருட்கிடங்கிலிருந்து அகலமான நாற்காலி ஒன்றை எடுத்து வந்து போட எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் செய்ய ஐந்தாம் ஆண்டு வரை ஏன் காத்திருந்தோம் என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

அவனுடைய தந்தையும் என் போன்ற உடலினர். அவரும் கப்சாயில்தான் மகனைக் கொண்டுவந்து விடுகிறார். சென்ற வாரம் பள்ளி வாயிலில் என் வண்டியின் இருக்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, எங்கே செய்தது என்று கேட்டார். வரும் சனிக்கிழமை இருவரும் அந்தச் சீனப் பெரியவரிடம் போகிறோம். பையனையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். பின்னால் அமர்ந்து அளவு கொடுக்க வேண்டியவன் அவன்தானே.