நாற்பதாண்டுத் தற்காலிகம்

மீஞ்சூருக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி முகாம், தென்மேற்கே புழல் முகாம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பல கட்டங்களாகத் தமிழகக் கரையேறிய இலங்கைத் தமிழர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் எஞ்சியிருக்கிறார்கள். அவர்களின் உடல்நலம் என்று பேச்சு எடுத்தால் அது ஒரு பட்டியலாக முடிந்துவிடுகிறது: அரசு மருத்துவமனை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், தடுப்பூசி, இலவச அரிசி. பட்டியலில் பொய் இல்லை. அகதிகளை இவ்வளவு தூரம் தன் பொது மருத்துவத்துக்குள் சேர்த்துக்கொண்ட அரசுகள் உலகில் குறைவு என்றுகூடச் சொல்லலாம். அப்படியிருந்தும் முகாம் வாழ்க்கை ஆளை நோயாளியாக்குகிறது என்றால், கோளாறு மருத்துவத் துறையிடம் இல்லை. டெல்லியில் இருக்கும் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

பழைய முகாம் வீடு என்பது பத்துக்குப் பத்தடி அறை. சேலையைக் குறுக்கே கட்டித் தடுத்து, மாமியாரும் மருமகளும் வயதுக்கு வந்த பிள்ளைகளும் அதற்குள்ளேயே படுக்க வேண்டும். கழிப்பறை பொதுவில் இருக்கும் இடங்களில் பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அங்கிருந்துதான் வருகிறது. மாத்திரை அதை ஆற்றும், அடுத்த மாதம் மறுபடி வரும். இதை உணர்ந்துதான் 2021 ஆகஸ்ட் 27 அன்று தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முன்வந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் மிகச் சிறந்த சுகாதார அறிவிப்பு அந்த வீட்டுத் திட்டம்தான். ஆனால் வீட்டுக்குள் நுழையும் வருமானத்தைப் பாருங்கள். அப்போது உயர்த்தப்பட்ட மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவருக்கு 1,000, பிள்ளைக்கு 500 ரூபாய். நால்வர் குடும்பத்துக்கு 3,500. நாளொன்றுக்கு 120 ரூபாய்கூட இல்லை. மீதியைக் கூலி வேலைதான் நிரப்ப வேண்டும். முகாம் ஆண்களின் வேலை பெரும்பாலும் பெயிண்டிங். பட்டப்படிப்பு முடித்தவரும் கடைசியில் சாரத்தில் ஏறி நிற்கிறார், ஏனென்றால் அரசுப் பணிக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. தின்னர் நெடியும் சுவர் தேய்க்கும் தூசியும் நுரையீரலுக்குள் போகின்றன. வெளியூரில் வேலை கிடைத்தாலும், அதிகாரிகள் ஆள் எண்ணும் ‘செக்கிங்’ நாளில் முகாமில் தலை காட்டியாக வேண்டும்.

மனநலத்தில் இது இன்னும் வெளிப்படை. அகதிகளின் மனச்சோர்வுக்குப் போர் நினைவுகளே காரணம் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். போர்ட்டர், ஹாஸ்லம் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2005இல் வெளியிட்ட தொகுப்பாய்வு வேறொன்றையும் காட்டியது. நிறுவனம் போன்ற தங்குமிடங்களில் வைக்கப்பட்டவர்கள், பொருளீட்டும் வாய்ப்பு குறுகியவர்கள், எந்த மோதலால் பெயர்ந்தார்களோ அது தீராமல் இருப்பவர்கள், இவர்களின் மனநலம்தான் மிகவும் சரிந்திருந்தது. பெயர்ந்து வந்த பிறகு கிடைக்கும் வாழ்க்கையும் மனத்தைத் தீர்மானிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கையும் இதே திசையில்தான் பேசுகிறது: அகதிகள் பிறவியிலேயே நலம் குன்றியவர்கள் அல்லர், வீடு, வேலை, சட்டநிலை போன்றவையே அவர்களைப் பின்தள்ளுகின்றன. நம் முகாம்களில் பிறந்து வளர்ந்த இளைஞர் குண்டுச் சத்தம் கேட்டதே இல்லை. அவருடைய சோர்வுக்குப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலை மட்டும் காரணம் காட்ட முடியாது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு இது புரியாத விஷயம் அல்ல. ராக்கெட் தளம் வந்தபோது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பெயர்ந்த மீனவர்களையும், கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளியில் இடம் மாற்றப்பட்ட குப்பத்தையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. எந்த நாள், எந்தத் துறையில், யார் வலை போடுவது என்று முறைவைக்கும் ‘பாடு’ பரம்பரையாகச் சில ஊர்களுக்கே உரியது. புதிதாக வந்து சேர்ந்தவருக்கு ஏரி கண்ணுக்கு முன்னால் கிடக்கும், வலை போடும் முறை மட்டும் எளிதில் வாய்க்காது. வீடு கட்டிக் கொடுத்தாலும் தொழிலுக்கு உரிமை இல்லாதவர் மெல்லத் தளர்ந்துபோவதை இங்குள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காட்டுப்பள்ளிக்காரர் குடிமகன். மறியல் செய்யலாம், வழக்குப் போடலாம், ஓட்டுக் கேட்டு வருபவரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். மன்னாரிலிருந்து வந்த மீனவருக்கு அதுவும் இல்லை.

நம் ஊர் இருளர்களில் எத்தனையோ பேருக்குப் பட்டா இல்லாதபோது இவர்களுக்கு என்ன முன்னுரிமை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் குடியுரிமை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைகிற சரக்கு அல்ல. இந்தியா ஒன்றும் சத்திரம் இல்லை என்ற பொருளில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னதை நினைவூட்டுவார்கள். தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கில் வந்த கருத்து அது; அரசே பதிவுசெய்து, அரிசி கொடுத்து, மாதந்தோறும் எண்ணிப் பார்த்த குடும்பங்களுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. கதவைத் திறந்தால் கூட்டம் பெருகும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை: 2022இல் இலங்கைப் பொருளாதாரமே கவிழ்ந்தபோதும் வந்தவர்கள் சில நூறு பேர்தான். போர் முடிந்துவிட்டதே, திரும்பலாமே என்பதே வலுவான ஆட்சேபம். விரும்புகிறவருக்கு வழி எளிதாக வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் முகாம்வாசிகளில் கணிசமானோர் மலையகத் தமிழர், இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் எந்த ஊருக்குத் திரும்புவது? அத்தகைய 65 பேரின் மனுவில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில், இப்படி நீண்டகாலம் கண்காணிப்பிலும் நாடற்ற நிலையிலும் வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு எதிரானது என்று கருதியது. உயிர்வாழும் உரிமையைப் பேசுகிற பிரிவு அது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவே இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு படி இறங்கி வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இராது என்று உத்தரவிட்டது. வரவேற்கலாம். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதற்கும் ஏற்றுக்கொள்கிறோம் என்பதற்கும் நடுவே தூரம் அதிகம். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தாலே பிறப்பால் குடியுரிமை கிடையாது. அந்த மாதம் முகாமில் பிறந்த குழந்தைக்கு 2025 டிசம்பரில் 21 வயது. முகாமுக்குள்ளேயே மணமுடித்தால் அவருடைய குழந்தைக்கும் இதே நிலைதான். தமிழகம் வீடு கட்டுகிறது, மருந்து கொடுக்கிறது. குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை. திருவள்ளூர் உட்பட இந்த முகாம்கள் இருக்கும் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், தங்களுக்கு ஓட்டுப் போட முடியாத இந்த மக்களுக்காகக் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தக் கேட்க வேண்டும்.