முள்ளுக்கு வக்காலத்து

சென்னையின் ஆற்றோரங்களிலும் ஏரிகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் அகற்றக் கூடாது என்று வாதாடும் ஒரு கட்டுரையை அண்மையில் படித்தேன். முதல் தடவை பாதியிலேயே கோபத்தில் மூடி வைத்துவிட்டேன். மறுநாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். கோபம் குறையவில்லை, காரணங்கள்தான் கூடின.

அவர் சொல்வதன் சாரம் இதுதான். செடிக்கு நாடு கிடையாது. அயல் தாவரம் என்ற பேச்சே அயலார் மீதான வெறுப்பின் இன்னொரு முகம். மிளகாயும் வெளியிலிருந்து வந்ததுதானே. கான்கிரீட் நகரத்தில் எந்தப் பச்சையும் வரம். ஏழைக்கு விறகும் சாக்கடைக்குச் சுத்திகரிப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. அழிக்கப் பார்த்துத் தோற்றாகிவிட்டது, விட்டுவிடுங்கள். நல்ல தமிழில், அடக்கமான தொனியில் எழுதியிருக்கிறார். அதனாலேயே பலரும் தலையாட்டுகிறார்கள். தலையாட்டுகிறவர்களில் வார்டு மட்டத்தில் முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்த எதிர்வினை.

மிளகாயிலிருந்தே தொடங்குகிறேன். மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி, கொய்யா, பப்பாளி, கொடுக்காப்புளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. இவற்றில் ஒன்றையாவது பிடுங்கி எறியச் சொன்னவர் யார்? ஒருவர் பெயரைக் கட்டுரையாளரால் காட்ட முடியுமா? தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரமும் தென்னமெரிக்கா பக்கத்திலிருந்து வந்ததுதான். அது நிழல் தருகிறது, பக்கத்து நிலத்தைப் பிடிப்பதில்லை. வெளியிலிருந்து வந்தது என்பது ஒன்று, வந்த இடத்தில் மற்ற எதையும் வாழவிடாமல் பரவுவது வேறொன்று. முதலாவது அயல் தாவரம். இரண்டாவது ஆக்கிரமிப்புத் தாவரம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புரியும் இந்த வேறுபாட்டைக் கட்டுரை முழுக்க அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொன்னால் கட்டுரையே நிற்காது. அரசுகளுக்கிடையிலான பல்லுயிர் அறிவியல் மேடையான ஐபிபெஸ் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி மனிதர்களால் உலகெங்கும் இடம்பெயர்க்கப்பட்ட உயிரினங்கள் 37,000-க்கும் மேல். அவற்றில் தீங்கு செய்பவை என்று ஆவணப்படுத்தப்பட்டவை சுமார் 3,500. தாவரங்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஆறு. அகற்றச் சொல்லும் நாங்கள் அந்த ஆறைப் பற்றித்தான் பேசுகிறோம். அவர் மீதித் தொண்ணூற்று நான்கைக் காட்டி அந்த ஆறுக்கு நற்சான்றிதழ் வாங்குகிறார்.

வன்னி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. இலையைப் பார்த்தாலே சாயல் தெரியும். விருத்தாசலம் கோவிலின் தலமரம் அதுதான். எத்தனையோ நூற்றாண்டுகளாக நம்மோடு இருக்கிறது, ஒரு ஏரியையும் அது விழுங்கவில்லை. எங்கள் புகார் ஒரு மரத்தின் சாதியின் மேலோ பூர்வீகத்தின் மேலோ அல்ல. அது இங்கே என்ன செய்கிறது என்பதன் மேல்.

அடுத்தது, என்னை உண்மையிலேயே காயப்படுத்திய பகுதி. ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றச் சொல்கிறவர்கள், வெளிமாநிலத் தொழிலாளியைத் துரத்தச் சொல்கிறவர்களின் மொழியைப் பேசுகிறார்கள் என்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இந்த நகரத்தின் பாலங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் மனிதர்களை ஒரு முட்புதரோடு சேர்த்துப் பேசியது நாங்களா, அவரா? அந்த ஒப்புமையை நாங்கள் எங்குமே செய்ததில்லை. செய்தவர் அவர். வந்த மனிதர் நம்மோடு வாழ்கிறார், உழைக்கிறார், நம் பிள்ளைகளோடு தன் பிள்ளையைப் படிக்கவைக்கிறார். சீமைக் கருவேலம் வந்த இடத்தில் கோரை இல்லை, அறுகு இல்லை, ஆவாரை இல்லை. பன்மையை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஒற்றைச் செடி மட்டுமே நிற்கும் நிலத்துக்கு வக்காலத்து வாங்குகிறார். பன்மை என்ற சொல்லுக்கு அவர் செய்த அநீதி இது.

எந்தப் பச்சையும் வரம் என்ற வாதத்துக்கு வருகிறேன். கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர்தான். அங்கே வெளிமான்கள் இருக்கின்றன. பெயரிலேயே வெளி இருக்கிறது. திறந்த புல்வெளியில்தான் அந்த மான் மேயும், தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்த்து ஓடும். முட்புதர் அடர்ந்தால் அதற்குப் புல்லும் இல்லை, ஓட இடமும் இல்லை. கோடியக்கரையிலும் இதே கதைதான்: சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் நுழைய நுழைய வெளிமானின் இடம் சுருங்குகிறது. விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் பச்சைதான். மானுக்கு அப்படியில்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது, பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதன் செல்வம் மரமல்ல. ஆழம் குறைந்த நீர், சேறு, கோரை, அவற்றை நம்பி வரும் நீர்ப்பறவைகள். விளிம்பிலிருந்து உள்ளே வரும் சீமைக் கருவேலம் சேற்றைப் பிடித்து நிலத்தை மேடாக்குகிறது, வறண்ட விளிம்பு உள்ளே நகர்கிறது. நடுவே ஆகாயத்தாமரை நீரை மூடுகிறது. சதுப்பு நிலத்தைப் பார்த்து அங்கே மரம் இல்லையே என்று வருந்தி மரக்கன்று நடப் போகிற நல்லவர்களையும் இந்த இடத்தில் சேர்த்தே கண்டிக்கிறேன். சதுப்பு சதுப்பாக இருப்பதுதான் அதன் நலம்.

சீமைக் கருவேலம் எப்படிப் பரவுகிறது என்பதைக் கட்டுரையாளர் தெரிந்துகொள்ளவே முயலவில்லை. அதன் நெற்று இனிப்பானது. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, எருவோடு சேர்த்தே முளைக்கும். மழைநீர் மீதி விதைகளைக் கால்வாய் நெடுக இறக்கிவைக்கும். இலையை ஆடுமாடுகள் தொடுவதில்லை என்பதால் எழுந்த கன்று தப்பிவிடும். அடியோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். உதிர்ந்த இலைகளின் வேதிப்பொருட்கள் கீழே மற்ற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. அதன் மகரந்தம் மூச்சுக்குழல் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி புல்வெளியை இழந்த மேய்ச்சல்காரர்கள் இந்த மரத்துக்கு வைத்திருக்கும் பெயருக்குப் பைத்தியக்காரக் கருவேலம் என்று பொருள். அந்தப் பெயரை வைத்தவர்கள் மாடு மேய்த்துப் பிழைக்கும் எளியவர்கள். இவற்றை அகற்றச் சொல்வது நடுத்தர வர்க்கத்தின் புதுப் பொழுதுபோக்கு என்று எழுதியவர் அவர்களிடம் ஒருமுறை பேசிப் பார்த்திருக்கலாம்.

பொழுதுபோக்கு என்றாரே, அதற்கு ஆகாயத்தாமரையின் வரலாறே பதில். அமேசான் படுகையின் செடி. ஊதாப் பூவின் அழகுக்காக ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இலங்கையில் 1909-லேயே இதை ஒழிக்கச் சட்டம் வந்தது. வங்காளத்தில் நெல்வயல்களையும் படகுப் பாதைகளையும் இது அடைத்ததால் 1936-ல் தனிச் சட்டம் இயற்றினார்கள். 1937 தேர்தலில் ஆகாயத்தாமரையை ஒழிப்போம் என்பது வாக்குறுதியாகவே இருந்தது. உழவர்கள் வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் வைத்த கோரிக்கையை, இன்றைய நகரத்து நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று எழுத ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

அது சாக்கடையைச் சுத்தம் செய்கிறது என்கிறார். பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைக்கிறார். ஆகாயத்தாமரை கழிவுநீரின் சத்துகளையும் கன உலோகங்களையும் உறிஞ்சும், சரி. உறிஞ்சியதை என்ன செய்கிறது? தன் உடம்பில் வைத்திருக்கிறது. உரிய நேரத்தில் அறுத்து வெளியே எடுத்தால்தான் அந்த அழுக்கு நீரைவிட்டுப் போகும். எடுக்காமல் விட்டால் செடி அழுகி, உறிஞ்சிய அத்தனையும் அதே நீருக்குத் திரும்பும். கூடவே அழுகல், நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியையும் தின்றுவிடும். அகற்றாதே என்று கட்டுரை எழுதிவிட்டு, அகற்றினால் மட்டுமே கிடைக்கும் நன்மையைச் செடியின் கணக்கில் வரவு வைக்கிறார். இதை அறியாமை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர் எடுத்துக்காட்டும் தொட்டி முறைச் சுத்திகரிப்பு எல்லாமே அறுவடையை நம்பியவை. படித்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கழிவுநீர் நிறைந்த கால்வாயில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகக் கூடிய செடி இது. நீரின் மேல் விரிப்பாக மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது, மீன் மூச்சு முட்டும், ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் வலை வீச முடியாது. இலைகள் வழியே வெளியேறும் நீர், திறந்த நீர்ப்பரப்பில் ஆவியாவதைவிட அதிகம். கொசுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மான்சோனியா என்ற கொசு வகையின் புழு மூச்சுவிட நீர்மட்டத்துக்கே வருவதில்லை. நீர்ச்செடியின் வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். மேலே எண்ணெய் தெளித்தால் மற்றக் கொசுப் புழுக்கள் சாகும், இது சாகாது. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசு. செடியை எடுப்பதுதான் இதற்கு வழி.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குச் செடிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பக்கிங்காம் கால்வாயின் பாலங்களுக்கு அடியில் போய்ப் பாருங்கள். மிதந்து வந்த பச்சை மூட்டை தூணுக்குத் தூண் சிக்கி, பிளாஸ்டிக்கையும் மண்ணையும் பிடித்து நிறுத்தியிருக்கும். மழைநீர் கடலுக்கு ஓடவேண்டிய வழி அது. ஓடாவிட்டால் முதலில் நனைவது கரையோரக் குடிசை. கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் அந்த ஏழை அங்கேதான் குடியிருக்கிறார்.

விறகுக்கு வருகிறேன். இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் பிழைப்பைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமை இல்லை. அங்கே மாற்று வருமானம் வராமல் மரத்தை எடுப்பது அநியாயம் என்பேன். ஆனால் அந்த மாவட்டத்துக்காரரின் வறுமையை எடுத்து வந்து அடையாற்றங்கரைப் புதருக்குக் கேடயமாகப் பிடிப்பதை ஏற்கமாட்டேன். அந்தக் கரையில் யாரும் கரிமூட்டம் போடவில்லை. அங்கே இருப்பது கொட்டப்பட்ட கட்டட இடிபாடும், அதன் மேல் முள்ளும், முள்ளுக்குள் நுழைய முடியாததால் யார் கண்ணிலும் படாத ஆக்கிரமிப்பும்தான். கரிமத்தைச் சேமிக்கிறது என்ற வாதத்தையும் இதோடு சேர்த்தே முடித்துவிடலாம். கரியாக்கி எரிக்கிறார்கள் என்று ஒரு பத்தியில் புகழ்ந்துவிட்டு, கரிமத்தைப் பூட்டி வைக்கிறது என்று அடுத்த பத்தியில் எழுதியிருக்கிறார். இரண்டில் ஒன்றை அவர் கைவிட வேண்டும்.

ஒன்றில் அவர் சரி. அதை மறைக்க மாட்டேன். சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றியது அறிவியல் அல்ல. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பின் ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியபோது, அந்த வதந்தியின் வேகத்தில் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்த இடங்கள் உண்டு. பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் மரத்தை வெட்டுவது தவறு. எங்கள் தரப்பில் சிலர் செய்த இந்தத் தவறுகளுக்கு வருந்துகிறேன். ஆனால் வதந்தியைப் பொய் என்று காட்டியதும் மரம் நிரபராதி ஆகிவிடாது. ஒரு பொய்யான குற்றச்சாட்டை உடைத்துவிட்டு மற்ற எல்லா உண்மைகளையும் அதோடு சேர்த்துத் தள்ளுபடி செய்வதுதான் கட்டுரையின் முதுகெலும்பு.

கடைசியாக, தோற்றாகிவிட்டது என்ற வாதம். அடையாறு முகத்துவாரத்தில் இன்று தொல்காப்பியப் பூங்கா இருக்கும் 58 ஏக்கரும் ஒரு காலத்தில் குப்பையும் சீமைக் கருவேலமுமாகத்தான் கிடந்தது. முள்ளை வேரோடு எடுத்தார்கள், இடிபாட்டை அள்ளினார்கள், கடல்நீர் வந்துபோக வழி திறந்தார்கள், கண்டல் வகைகளையும் இந்த மண்ணின் மரங்களையும் நட்டார்கள். 2011-ல் பூங்கா திறக்கப்பட்டது. தோற்ற இடங்களைப் பார்த்தால் காரணமும் தெரியும். டெண்டர் எடுத்தவர் விறகுக்கு ஆகும் அடிமரத்தை வெட்டிக்கொண்டு வேரை விட்டுவிட்டுப் போவார். இரண்டு மழை கழித்து அதே இடத்தில் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். ஆகாயத்தாமரையில் மிதவை இயந்திரத்தைக் கொண்டுவந்து எடுப்பார்கள், கழிவுநீர்க் குழாயை அடைக்க மாட்டார்கள். குழாய் திறந்திருக்கும்வரை அது வரும். இது பாதி வேலை செய்ததன் விளைவு. பாதி வேலையைக் காட்டி முழு வேலையும் வேண்டாம் என்பது, மருந்தை இரண்டு வேளை தின்று நிறுத்தியவரைக் காட்டி மருத்துவமே வீண் என்பதைப் போன்றது. 2022-ல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதைச் சரியாக நிறைவேற்றச் சொல்லி எழுத வேண்டிய நேரத்தில், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அதிகாரிகள் கையில் ஒரு கட்டுரையைக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலை நடக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே முள்ளை வேரோடு எடுத்தோம். ஒவ்வொரு முதல் மழைக்குப் பிறகும் மண்ணில் கிடந்த விதை முளைக்கிறது. விரல் நீளத்தில் இருக்கும்போது இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். முழ உயரம் ஆகிவிட்டால் மண்வெட்டி வேண்டும். ஆளுயரம் ஆனால் இயந்திரம் வேண்டும். முதல் ஆண்டு பிடுங்கிய நாற்றுகளைச் சாக்குச் சாக்காகக் கட்டிக் கொண்டுபோனோம். இந்த ஆண்டு ஒரு வாளி போதுமாக இருந்தது. கரையில் கோரை வந்திருக்கிறது, யாரும் நடவில்லை.