சேரியின் தட்டில் என்ன இருக்கிறது?

ரத்தக் கொதிப்பு என்பது உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு வரும் நோய் என்று இன்னமும் நம் மக்கள் நம்புகிறார்கள். நாற்று நட்டு, கரும்பு வெட்டி, செங்கல் சுமக்கிற உடம்புக்கு அது எங்கே வரப்போகிறது என்கிறார்கள். ஆனால், ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு கை கால் விழுந்துபோச்சு’ என்ற பேச்சைக் கேட்காத சேரி உண்டா?

மேல் அளவு 140, கீழ் அளவு 90 என்பதைத் தொட்டுத் தொடர்ந்து அங்கேயே நின்றால் அது ரத்தக் கொதிப்பு. பெரும்பாலும் வலிக்காது, எந்த அறிகுறியும் காட்டாது. பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ வந்து நிற்கும்போதுதான் தெரியும். கூலிக் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் வருமானம் நிற்கும், வட்டிக்கடன் வரும். அடுத்து நிற்பது பெண்பிள்ளையின் படிப்பு.

இந்த நோய்க்குப் பரம்பரை, வயது, மன உளைச்சல், புகையிலை, குடி என்று பல காரணங்கள் உண்டு. நம் கையில் இருக்கும் முக்கியமான ஒன்று உப்பு. அது நம் தட்டில் ஏன் இவ்வளவு சேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நிலம் இல்லாதவர்களுக்குத் தோட்டம் இல்லை. தோட்டம் இல்லாத வீட்டில் காய்கறி இல்லை. கூலியாக அளந்த தானியத்தில் காய்ச்சிய கூழும் கஞ்சியும் தொண்டையில் இறங்க உப்பும் பச்சைமிளகாயும் கருவாடும் வேண்டியிருந்தன. எப்போதோ கிடைத்த கறியைக் கெடாமல் வைக்க உப்புக்கண்டம் போட்டார்கள். அது இல்லாமை கற்றுக்கொடுத்த அறிவு.

‘மாட்டுக்கறி தின்றால் கொதிப்பு வரத்தான் செய்யும்’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அதில் மருத்துவத்தைவிடச் சாதியே அதிகம். கொழுப்பு நீக்கிய புதுக்கறியை அளவோடு தின்பது வேறு, உப்பில் ஊறிக் காய்ந்த கண்டத்தை அடிக்கடி தின்பது வேறு. ஊறுகாயிலும் அப்பளத்திலும் வடகத்திலும் இருப்பது அதே உப்புதான்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, ஒரு தேக்கரண்டி. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் குறைந்தது 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? மாணவர்கள் இன்றே பொட்டலத்தின் மேல் தேதி எழுதிவைத்துக் கணக்குப் பார்க்கலாம். கடையில் வாங்கும் மிக்சர், சிப்ஸ், நூடுல்ஸ் உப்பு இந்தக் கணக்கில் வராது, அது தனி.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு உப்பு வேண்டாமா என்று கேட்கலாம். கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூடுதலாகச் சேர்க்கக் கூடாது. கஞ்சியை விட வேண்டியதில்லை. அதில் கொட்டும் உப்பைக் குறைத்து, ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயமோ கீரை மசியலோ வைத்துக்கொள்ளலாம். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, வாழைப்பழம், காராமணி, கொள்ளு ஆகியவற்றில் பொட்டாசியம் உண்டு. அது உப்பின் வேகத்தைத் தணிக்கும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் இவற்றை மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். உணவை மாற்றினோம் என்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

இதையெல்லாம் தனிமனிதர் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அரசு ஒதுங்க முடியாது. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. நம் பட்டினியைப் போக்கிய அந்த உரிமையை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் தட்டு நிறையச் சோறும் பாமாயிலும் மட்டுமே சத்துணவு ஆகாது. எல்லா மாவட்ட ரேஷன் கடைகளிலும் கேழ்வரகும், கூடுதல் பருப்பும் பயறும் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீடு தேடி வர வேண்டும். அது ஊர்த்தெருவோடு நின்றுவிடாமல் சேரியின் கடைசி வீடுவரை வருகிறதா என்று கிராம சபையில் கேட்போம்.

நிலத்தையும் கேட்க வேண்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்க ஆணையிடப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. முருங்கை நடவும் கீரை விதைக்கவும் இடமில்லாதவர்களிடம் கீரை சாப்பிடுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. நில மீட்பு நம் உடல்நலத்துக்கான கோரிக்கையும்தான்.

போராட உடம்பு வேண்டும். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு கிடையாது. படிக்கிற பிள்ளைகள் தாத்தா பாட்டியையும் அழைத்துப்போய், அளவை நோட்டில் குறித்துவையுங்கள்.