தனுஷ்கோடித் தபாலும் தண்ணீர்க் கிண்ணமும்

தபால்தலை சேகரிக்கும் நம் அன்பர்களுள் பலர், பழைய கடிதம் ஒன்று கைக்குக் கிடைத்த மாத்திரத்தில், அது எங்கிருந்து எங்கே போயிற்று என்று பார்ப்பதற்கு முன்பே தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடிப்போய், தலையை ஊறவைத்து உரித்தெடுத்துக்கொண்டு, உறையைக் குப்பையில் எறிந்துவிடும் வழக்கத்தை இன்னமும் விட்டபாடில்லை. மற்ற ஊர்த் தபால்களின் விஷயத்தில் இது நஷ்டம். பாம்பன் தீவின் விஷயத்தில், அதிலும் விசேஷமாகத் தனுஷ்கோடியின் விஷயத்தில், இது நாசம் என்றே சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அவ்வூரின் ரயில் நிலையம், துறைமேடை, சுங்கச்சாவடி, மாதாகோயில், தபாலாபீஸ் எல்லாவற்றின் மீதும் கடல் ஏறிவிட்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் அதில் ஏறியிருந்த ஜனங்களோடு அலைவாய்ப்பட்டது. அந்தத் தபாலாபீஸின் சரித்திரத்தை இனி யாரேனும் எழுதப் புகுந்தால், அதன் கை பட்டு வெளியேறிய கடிதங்களைக் கொண்டே எழுத வேண்டும். அக்கடிதங்களோ தீவில் இல்லை. கரையில், நம்மவர் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன.

தீவின் தபாலை ஆராய்பவர் முதலில் பாதையை அறிந்துகொள்வது நலம். 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படும் வரையில் இலங்கைக்குத் தூத்துக்குடியே வாசலாக இருந்தது. சென்னையிலிருந்து வரும் போட் மெயில் அங்கே நிற்க, நீராவிக் கப்பல் கொழும்புக்குப் புறப்படும். பாலம் வந்ததும் வாசல் தனுஷ்கோடிக்கு மாறியது. துறைமேடை வரையில் ரயில், அங்கிருந்து 22 மைல் கடல், தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக் கோட்டைக்கு மறுபடியும் ரயில் என்று, ‘இர்வின்’, ‘கோஷன்’ என்னும் கப்பல்களில் பிரயாணிகளோடு தபால் பைகளும் போய்வந்தன. 1938-இல் டாட்டா கம்பெனியின் விமானத் தபால் கொழும்பை எட்டிய பின்பும் ஏழை எளியவர்களின் கடிதங்கள் கடல் வழியையே நம்பியிருந்தன. புயலுக்குப் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது; 1980-களில் இலங்கையில் மூண்ட போரினால் அதுவும் நின்றுபோயிற்று. இந்த வருஷங்களை மனத்தில் இருத்திக்கொண்டு உறையின் பின்புறத்தைப் பார்க்கப் பழகியவருக்கு, மங்கலான அரை முத்திரைகூடப் பேசும். ஆனால் கடிதம் கடந்துபோகும் ஊரில் குத்தும் வழியூர் முத்திரை எல்லா உறைகளிலும் விழுவதில்லை. பதிவுத் தபாலில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

தீவுக்குத் தொலைவில், பனவடலிசத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். மழையை நம்பிய இந்தச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளின் பின்னே போனவர்கள் அநேகர். மண்டபம் முகாமில் நோய்த்தொற்றுத் தடுப்புக்காகத் தனித்து வைக்கப்பட்டு, வைத்தியப் பரிசோதனை முடிந்து, தனுஷ்கோடியில் கப்பலேறியவர்கள் அவர்கள். சமீபத்தில் இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய உறை ஒன்றைச் சொல்கிறோம். சிகிரியாக் குன்றின் படம் போட்ட இலங்கைத் தலை, அதன்மேல் ஹட்டன் முத்திரை. விலாசத்தில் ஊரும் தாலுகாவும் தோட்டத்துக் கிளார்க்கின் இங்கிலீஷில், அதற்குக் கீழே வேறொரு நடுங்கும் கையால், ‘பலசரக்குக் கடை பார்த்துக் கொடுக்கவும்’ என்று தமிழில். நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஆயினும் அது சுபச் செய்தி கொண்டுவந்தது என்பதை, எழுத்தறியாத தாயும் தபால்காரர் கையில் கண்டபோதே தெரிந்துகொண்டிருப்பாள். தலைக்காக அவ்வுறையைத் தண்ணீரில் போட்டிருந்தால் அந்த மஞ்சளும் நடுங்கிய மையும் போயிருக்கும். எஞ்சியிருப்பது எந்தக் கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கும் ஒரு தலை.

உறையோடு நிற்கும் தலையின் பெருமைக்கு உலகறிந்த சான்றும் உண்டு. மொரீஷியஸ் தீவின் 1847-ஆம் வருஷத்துத் தலைகளைக் கனவில் காணாத சேகரிப்பாளர் இல்லை. அவற்றுள் பெரும்புகழ் பெற்றவை எவை? ஒரு பென்னித் தலையும் இரண்டு பென்னித் தலையும் சேர்ந்து ஒட்டப்பெற்று, போர்தோவிலிருந்த ஒயின் வியாபாரிக்குச் சென்ற உறை ஒன்று. பம்பாய்க்கு வந்து, 1897-இல் இந்தியக் கடைத்தெரு ஒன்றிலேயே கண்டெடுக்கப்பட்ட உறை மற்றொன்று. இரண்டும் கத்திரிக்குத் தப்பியவை. அவற்றுக்கு ஏற்பட்ட பெருமை தலைகளால் மட்டும் வந்ததன்று. தலை, முத்திரை, விலாசம் மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நின்றதால் வந்தது.

போலிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அழிந்த ஊரின் பெயருக்கு விலை ஏறியிருப்பதால், தனுஷ்கோடி முத்திரையைப் புதிதாகக் குத்தி விற்க ஆசைப்படுகிறவர்கள் தோன்றுவது இயல்பே. புயலுக்கு முந்திய நாட்களில் வெளியான தலைகள் புனித தோமையார் தலையும் (1964 டிசம்பர் 2), சர்வதேச நிலவியல் மாநாட்டுத் தலையும் (டிசம்பர் 14) ஆகும். இவை தனுஷ்கோடிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே முத்திரை குத்தப்பட்டிருந்தால், அவ்வுறை மிக அரியது. ஆனால் 1965 ஜனவரி 7-இல் வெளியான ஜாம்ஷெட்ஜி டாட்டா தலையின்மேல் அம்முத்திரையைக் கண்டால் பணப்பையைத் திறக்க வேண்டாம். 1972 ஆகஸ்ட் 15-இல்தான் பின்கோடு முறை வந்தது என்பதால், விலாசத்தில் அந்த ஆறு எண்களும் முகப்பில் அவ்வூர் முத்திரையும் சேர்ந்திருக்கும் உறையையும் அப்படியே ஒதுக்கிவிடலாம்.

நம்மவர் எவரும் போதிய கவனம் செலுத்தாத பகுதி ஒன்று உண்டு. புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் சீர்படுத்தினார்கள். அந்நாட்களில் இராமேசுவரத்துக்கு வந்த கடிதங்களில், அனுப்பிய ஊரின் முத்திரைக்கும் சேர்ந்த ஊரின் முத்திரைக்கும் இடையே எத்தனை நாள் இடைவெளி என்று பத்து உறைகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாலே, ரயிலற்ற தீவுக்குத் தபால் எவ்வளவு பாடுபட்டுப் போயிற்று என்பது விளங்கிவிடும். புயலடித்த அதே 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-இல்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியா திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு மாதத்துக்குள் ஒப்பந்தமும் புயலும் வந்த அந்தக் காலத்துத் தோட்டக் கடிதங்கள், மணியார்டர் கூப்பனில் எழுதிய இரண்டு வரியானாலும், பொன்னைப்போல் காக்கத்தக்கவை என்பது நம் அபிப்பிராயம்.

எனவே வரும் இதழ்களில் பாம்பன் தீவுத் தபாலுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். அன்பர்கள் தங்கள் வசமோ உறவினர் வீட்டிலோ இருக்கும் உறை, கார்டு, மணியார்டர் கூப்பன் எதுவாயினும், அருகில் அளவுகோல் வைத்து, முன்புறம் பின்புறம் இரண்டையும் படமெடுத்து அனுப்பக் கோருகிறோம். எந்த ஊரில், யார் வழியாகக் கிடைத்தது என்பதைத் தனித் தாளில் எழுதுங்கள். உறையின்மேல் பென்சிலாலும் எழுத வேண்டாம். குடும்பத்தார் பெயரை வெளியிடமாட்டோம். உறைகளை எங்களுக்கு அனுப்பவும் வேண்டாம். அவை அந்தந்த வீட்டிலேயே, பிளாஸ்டிக் படாமல், அமிலமற்ற காகிதத்தில் மடிப்பின்றி இருக்கட்டும்.