சென்சாரை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்!

நெல் வயல் மஞ்சளானால் உடனே யூரியா மூட்டையைத் தேடுவது நம்மில் பலரின் பழக்கம். மஞ்சளுக்குத் தழைச்சத்துக் குறை காரணமாக இருக்கலாம். துத்தநாகக் குறையாகவும் இருக்கலாம். தண்ணீர் வடியாமல் வேர் திணறினாலும் பயிர் மஞ்சளாகும். காரணம் தெரியாமல் போட்ட உரம் காசுக்கும் கேடு, பயிருக்கும் கேடு. இதே தவறைத்தான் பழைய பொக்லைன் எந்திரங்களிலும் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

நான் பயிர் விஞ்ஞானி, மெக்கானிக் அல்ல. ஆனாலும் இதை எழுதக் காரணம் உண்டு. விருதுநகர், ராமநாதபுரம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பண்ணைக் குட்டை வெட்டி முடிக்காவிட்டால், அந்த ஆண்டு மழைநீர் நமக்கில்லை. எந்திரம் நிற்கும் ஒவ்வொரு நாளும் பயிர்க் கணக்கில்தான் கழிகிறது.

எனக்குத் தெரிந்த நான்கு விவசாயிகள் கூட்டாகப் பழைய பொக்லைன் ஒன்றை வாங்கினார்கள். புரட்டாசியில் குட்டை வெட்டும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எஞ்சின் இழுவை குறைந்தது. வந்த மெக்கானிக் டீசல் அழுத்த சென்சாரை மாற்றினார். இரண்டு நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. அடுத்து பம்ப்பை மாற்ற வேண்டும் என்றார். கடைசியில் ஒரு எலெக்ட்ரீஷியன், எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகட்டில் உரசி உறை தேய்ந்திருந்த ஒயரைக் கண்டுபிடித்தார். ஒட்டு நாடாவும் குழாய் உறையும் போதுமாக இருந்தன. அதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. பாதி வெட்டிய குட்டையில் பாதித் தண்ணீர்தான் நின்றது.

பிழை எண் சொல்வது என்ன?

எரர் கோடு என்று மெக்கானிக்குகள் சொல்லும் பிழை எண், எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பல எஞ்சின்களில் அது இரண்டு எண்களாக வரும். முதல் எண் எந்த அளவீடு என்பதைக் குறிக்கும்: 100 என்றால் ஆயில் அழுத்தம், 110 என்றால் ரேடியேட்டர் நீரின் வெப்பம், 157 என்றால் டீசல் ரெயில் அழுத்தம். இரண்டாவது எண் என்ன வகைக் கோளாறு என்பதைக் குறிக்கும்: 3 என்றால் மின்னழுத்தம் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் இணைப்பு அறுந்திருக்கலாம். இந்த மூன்றும் பெரும்பாலும் ஒயர், கனெக்டர், சென்சார் பக்கத்துக் கோளாறு. ஆனால் 0, 1 என்றால் சென்சார் உண்மையைச் சொல்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே 100, 1 என்று வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஆயில் அழுத்தம் நிஜமாகவே குறைந்திருக்கலாம். 157, 1 என்று வந்தால் டீசல் ஃபில்டர் அடைப்பு, கேனில் வைத்த டீசலில் கலந்த தண்ணீர், குழாயில் புகுந்த காற்று ஆகியவற்றை முதலில் பாருங்கள். சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி எண்கள் வைத்திருக்கும். அதற்கு அந்த எந்திரத்தின் கையேடே துணை.

காசு செலவில்லாத சோதனைகள்

முதலில் பேட்டரி. 24 வோல்ட் எந்திரத்தில் நின்றிருக்கும்போது சுமார் 25 வோல்ட்டும், ஓடும்போது 27 முதல் 28 வோல்ட்டும் இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்தாலும் எர்த் ஒயர் துருப்பிடித்தாலும் நல்ல சென்சார்கூடத் தவறாகப் பேசும்.

அடுத்து, இரவு முழுக்க ஆறிய எந்திரத்தில் காலையில் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். திரையில் அளவுகள் தெரிந்தால், நீரின் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய வெளி வெப்பத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆயில் அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஒட்டாமல் நின்றால் சந்தேகம் அங்கேதான்.

பிறகு கனெக்டரைக் கழற்றி, பச்சைத் துரு, ஈரம், வளைந்த ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். வயலோரம் நிறுத்திய எந்திரத்தில் எலி கடித்த ஒயர் சாதாரணம். பல சென்சார்களுக்கு 5 வோல்ட் மின்சாரம் வரும். கனெக்டரைக் கழற்றி, சாவி போட்டு மீட்டரில் பாருங்கள். 5 வோல்ட் வரவில்லை என்றால், அதே வரிசையில் இருக்கும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றினால் குற்றவாளி தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஓடும் எஞ்சினில் டீசல் உயர் அழுத்தக் குழாய்களைத் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். தோலைத் துளைத்து உள்ளே போகும்.

வாங்கும்போது

சாவி திருப்பியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், விளக்கையே கழற்றியிருக்கலாம். காட்டும் முன் பிழைப் பதிவை அழித்திருக்கவும் கூடும். ஒரு மணி நேரம் மண் வெட்டவைத்து மறுபடியும் பாருங்கள். சென்சாருக்குப் பதிலாகச் சிறிய மின்தடையைச் சொருகி ஏமாற்றும் வேலையும் நடக்கிறது. வாங்கிய பின் பக்கெட்டில் வெல்டிங் வைப்பதாக இருந்தால், கையேட்டில் உள்ளபடி பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். இல்லையேல் எஞ்சினின் கணினிப் பெட்டியே போகலாம்.

பார்த்ததற்கும் கூலி கொடுப்போம்

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு மணி நேரம் ஒயரைத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு, 'என்ன மாற்றினாய்?' என்று கேட்டுக் கூலியைக் குறைப்பவர்கள் நாம்தான். புதுப் பொருள் மாட்டியவருக்கோ கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். பிறகு அவர் ஏன் தேடுவார்? மண் பரிசோதனைக்கு யோசித்து, உரத்துக்கு யோசிக்காமல் செலவு செய்யும் அதே மனம்தான் இது. இனி கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு, சரிசெய்வதற்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பிழை எண் படிக்கும் கருவியை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று வாங்கி வைத்தால் சுற்றுவட்டார எந்திரங்களுக்கெல்லாம் உதவும். அந்தந்த நிறுவன எந்திரங்களைப் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை நடத்தும் பயிற்சிகளில் ஒயரிங் படம் படிப்பதையும் மீட்டர் பிடிப்பதையும் சேர்க்க வேண்டும். களப்பணியாளர்கள் ஊருக்கு ஓர் இளைஞரையாவது அந்தப் பயிற்சிக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த புரட்டாசிக்குள் அவர் தயாராகிவிட்டால், ஒரு ஒயருக்காக ஒரு பருவமழையை இழக்க வேண்டியிருக்காது.