நினைவு ஓர் அளவுகோலா?

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கிறீர்கள். அளவை அப்போதே குறிக்காமல், மறுவாரம் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தால் எந்த ஆசிரியராவது ஏற்பாரா? நான் ஏற்கமாட்டேன். ஆனால் நம் உடல் பட்ட சிரமத்தைப் பொறுத்தவரை, நாம் எல்லோருமே நினைவை நம்பித்தான் தீர்ப்புச் சொல்கிறோம்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். காவேரிப்பட்டினத்தில் பள்ளியில் படித்த காலத்தில் 1500 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். முடியும் தறுவாயில் மூச்சு முட்டியது. விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 'ஓட்டம் நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டி, 25 ஆண்டுகள் மைதானத்தின் பக்கமே போகவில்லை. முதல் ஆயிரம் மீட்டர் எப்படி இருந்தது? அது நினைவிலேயே இல்லை!

இது ஏன்? டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்றைப் பாருங்கள். 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 வினாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 வினாடி. அதன்பின் மேலும் 30 வினாடி. அந்த 30 வினாடியில் மட்டும் நீர் மெல்ல மெல்ல 15 டிகிரிக்கு உயர்த்தப்படும். 'எதை மறுபடி செய்வீர்கள்?' என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட சோதனையையே தேர்ந்தெடுத்தார்கள்! மொத்த வேதனை அதில்தானே அதிகம்? ஆம். ஆனால் மனம் வேதனையைக் கூட்டிப் பார்ப்பதில்லை. உச்சத்தையும் முடிவையுமே பெரிதும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

நினைவு எதிர்த் திசையிலும் பிழை செய்யும். போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் மாரத்தான் ஓடியவர்களிடம், ஓடி முடித்ததும் வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்தார்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி கேட்டபோது, முன்பு சொன்னதைவிடக் குறைவாகவே சொன்னார்கள். 'அந்தக் காலத்தில் பல மைல் நடப்போம், அலுப்பே தெரியாது' என்று தாத்தா சொல்வதும் பொய்யல்ல. குறித்து வைக்காத கணக்கு, அவ்வளவுதான்.

அப்படியானால் சிரமத்தைக் குறிப்பது எப்படி? ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் போர்க் இதற்கென்றே 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 6 என்றால் சிரமமே இல்லை; 13 என்றால் சற்றுக் கடினம்; 20 என்றால் இனி முடியவே முடியாது. இந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால், நலமுள்ள இளைஞரின் நிமிட நாடித்துடிப்புக்கு ஏறக்குறைய வரும்படி அமைத்தார்.

உடற்பயிற்சி வகுப்புக்கு ஒரு சிறு குறிப்பேடு கொண்டுபோங்கள் என்பதே என் யோசனை. ஓடி நின்ற உடனே எண்ணைக் குறியுங்கள். 15 வினாடி நாடியை எண்ணி, நான்கால் பெருக்கி அருகில் எழுதுங்கள். 'எனக்கு ஒத்துவராது' என்ற தீர்ப்பை அந்த ஏடு சொல்லட்டும். நினைவு சொல்ல வேண்டாம்.

இப்போது நான் காலையில் தென்பெண்ணைக் கரையோரம் மெதுவாக ஓடுகிறேன். முதல் நாள் குறித்த எண் 16. இரண்டு மாதம் கழித்து, அதே தூரத்துக்கு 12. ஏடு இல்லாதிருந்தால், 'என்றைக்கும் கடினம்தான்' என்று சொல்லி மறுபடியும் உட்கார்ந்திருப்பேன்!